ஊசி இறங்கிய இடம்

என் அம்மாவின் கண்ணுக்கு ஆம்பூரில் ஒரு மரியாதை இருந்தது. ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஷூவின் மேல்பாகத்தை அங்கே அப்பர் என்பார்கள். மெஷினில் தைத்து வரும் அப்பர் ஒவ்வொன்றையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து, விரலால் வளைத்து, புரட்டிப் பார்க்க வேண்டும். தையல் கோணியிருந்தாலோ தோலில் தழும்பு தெரிந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குறை தேடுவதற்குச் சம்பளம். இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் சம்பளம் வாங்காமலே அதைச் செய்தார்களாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைக்கிறேன்.

அந்த ஸ்டிக்கர்கள் அம்மாவின் ஓவர்கோட் கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்தன. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் சின்ன வகுப்பில் இருந்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. சரியாகத் தேய்க்காத குண்டானின் அடியில் ஒரு அம்பு ஒட்டியிருக்கும். ஓரம் சேராமல் மடித்த போர்வையில் ஒன்று. என் கணக்கு நோட்டில் இரண்டு மூன்று. நான் அவற்றைப் பிரித்து நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு தெருவில் திரிவேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அதனால் அதற்கும் ஒரு அடி விழும். வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓடிவிடுவேன்.

அக்கா அப்படி இல்லை. என்னைவிட நாலைந்து வயது பெரியவள். ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிடும். குண்டானை மறுபடியும் சாம்பல் போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரத்தோடு எடுத்துப்போய் அம்மா முன்னால் நிற்பாள். அம்மா அதைத் திருப்பிப் பார்த்துத் தலையசைக்கும் வரைக்கும் அசையாமல் நிற்பாள். அவளைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அதுதான், பாவாடை நனைய நனையக் குண்டானைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றது.

அம்மாவை ராட்சசியாக்குவது எனக்குச் சுலபம். பல வருஷம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் நடந்தது வேறு. அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். நான் இரண்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது அம்மாவின் கண்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கப்பலில் போன சரக்கு ஒரு தடவை திரும்பி வந்துவிட்டது. பக்கத்து டேபிளில் இருந்த பெண், அம்மாவுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள், ஏதோ ஒரு கோணலைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். சாப்பாட்டுக் கூடையோடு அவளை கேட்டுக்கு வெளியே அனுப்பியதை அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதை அவள் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

நான் ஒரு முறை அவளிடம் கேட்டேன். தோலில் தழும்பு இருந்தால் என்ன, ஆடு வேலியில் புகுந்தால் முள் கீறத்தானே செய்யும், அது ஆட்டின் தப்பா என்று.

"ஆடு கீறிக்கும். அது உசுரோட இருந்துச்சுல்ல, கீறிக்கத்தான் செய்யும்" என்றாள். "ஆனா அது ஷூவுல தெரியக் கூடாது."

பத்தாவதில் கணக்கில் நான் பெயிலானேன். அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது செகண்ட்ஸ்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள். வெளிநாட்டுக்குப் போக லாயக்கில்லாமல் உள்ளூரிலேயே கழித்துவிடும் ஷூக்களுக்கு கம்பெனியில் அந்தப் பெயர். அன்றைக்கு அழுதேன். ஒரு வாரம் போன பிறகுதான் வீட்டில் எதுவோ மாறியிருப்பது புரிந்தது. என் நோட்டில் அம்பு வரவில்லை. என் போர்வையில் வரவில்லை. கழித்துப் போட்ட பொருளை யார் செக் பண்ணுவார்கள்? அடுத்த தடவை எழுதிப் பாஸானேன். டைப்பிங் படித்தேன். வேலூரில் ஒரு ஆபீசில் உட்கார்ந்தேன். மேஜை டிராயரில் எப்போதும் ஒயிட்னர் பாட்டில் இருக்கும். "உன் லெட்டர்ல எழுத்தை விட வெள்ளைதான்மா ஜாஸ்தி" என்று எங்கள் மேனேஜர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். லெட்டர் போய்ச் சேர்ந்தது, வேலை நடந்தது. செகண்ட்ஸ் என்ற அந்த ஒரு சொல்லால் நான் பிழைத்துப் போனேன்.

அக்காவோ முதல் தரம். பன்னிரண்டாவது முடித்ததும் அம்மா அவளைத் தன் கம்பெனிக்கே கூட்டிப்போனாள். தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள். முதல் வருஷம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். விடிந்ததும் விடியாததுமாகத் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். அம்மாவும் பெண்ணும் டிபன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சாயங்காலம் அக்கா தோலும், அதை ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த வாசனையோடு திரும்புவாள். கை கால் கழுவும்போது ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள். எனக்குத் தையல் பற்றி வகுப்பெடுப்பாள்.

"துணி மாதிரி இல்லடி இது" என்பாள். "துணியில தப்பா போச்சுன்னா பிரிச்சுட்டு மறுபடி தச்சுக்கலாம், ஒண்ணும் தெரியாது. தோல்ல ஊசி இறங்கிடுச்சுன்னா அந்த ஓட்டை அப்படியே நின்னுடும். பிரிச்சுத் தச்சாலும் பழைய ஓட்டை காட்டிக் குடுத்துடும். அந்த பீஸே வேஸ்ட்டு."

அப்போது பெருமையாகச் சொன்னாள். தன் கை அவ்வளவு சுத்தம் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

அவள் தைப்பது அம்மாவின் டேபிளுக்கு வர ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது. லைனில் இருந்த பெண்கள் பேசிக்கொள்வார்கள் என்று அம்மா பயந்தாள். ஒரு பெண் பேசியும் இருக்கிறாள். பெண் தைத்ததை அம்மாக்காரி கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறாள் என்று. அன்றிலிருந்து அம்மா அக்காவின் பீஸை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள். மற்றவர்கள் தைத்ததில் நூலளவு விலகலை விட்டுவிடுவாள், அக்காவுடையதில் விடமாட்டாள். அக்காவின் டிரேயில் சிவப்பு அம்புகள் திரும்பி வந்தன. லைன் முழுக்கப் பார்க்கும்படி வந்தன. சாப்பிடும்போது அம்மா ஆரம்பிப்பாள்.

"அந்த ஷூ மூக்குக்கிட்ட வளைக்கற எடத்துல அவசரப்படற நீ. ஊசி இறங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கணும். அப்பால பாத்து இன்னா பிரயோஜனம்?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவாள். அம்மா சொன்னதில் தப்பே கிடையாது, அதுதான் கொடுமை. ஊசி இறங்குவதற்கு முன்னால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவசர ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்த நாளில் லைன் நின்றுபோனது. அதை எனக்குச் சொன்னது அம்மாதான், பல வருஷம் கழித்து. அக்கா மெஷினில் தோலை வைத்துவிட்டாள். காலைப் பெடலில் வைத்துவிட்டாள். அழுத்தவில்லை. பின்னாலிருந்து வந்த பீஸெல்லாம் அவள் பக்கத்தில் குவிந்துவிட்டன. சூப்பர்வைசர் வந்து, "இன்னாமா, தூங்கறியா?" என்று கத்தினார். "ஒரு நிமிஷம் சார்" என்றாள். தோலைக் கொஞ்சம் நகர்த்தினாள். மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். "ஒரு நிமிஷம் சார்." அப்புறம் காலை எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டேபிள்லருந்து பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள் அம்மா. "எழுந்து போயிருக்கலாம். கையில பீஸ் இருந்துச்சு. அதைப் பாத்து முடிச்சுட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

அக்காவைத் தையலிலிருந்து எடுத்து சொல்யூஷன் தடவும் டேபிளில் போட்டார்கள். அங்கேயும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். கொஞ்ச நாளில் வீட்டோடு நின்றுவிட்டாள். கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொன்னோம். அது பொய்யும் இல்லை. குழம்பில் உப்புப் போடுவதற்கு எங்கள் இரண்டு பேரையும் கேட்பாள். புடவை மடிப்பை எடுத்து, உதறி, மறுபடியும் எடுத்து, அதற்குள் பஸ் போய்விடும். சொந்தக்காரர்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பேப்பர் வெள்ளையாகவே இருக்கும். லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். தப்பானால் ஆகட்டுமே, என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பேன். அவள் பாவமாகச் சிரிப்பாள். எனக்குத் தப்புச் செய்வது மூச்சு விடுவதுபோல வந்தது. அதை அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி பஸ் டிரைவர் பெண் கேட்டு வந்தார். எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், காரணம் அவர் பாட்டு. ஊரே ஒரு ராகத்தில் போனால் இவர் தனியாக ஒரு ராகத்தில் போவார், அதுவும் எல்லோரையும்விடச் சத்தமாக. முன் வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் கவலையே பட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

அம்மா, அக்கா வேலையை விட்டதைப் பற்றி இழுத்து இழுத்து எதையோ சொல்லத் தொடங்கினாள். அவர் குறுக்கிட்டார்.

"எனக்குந்தான் எதுவும் ஒழுங்கா வராதுங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது போஸ்ட்டுல இடிச்சிருக்கேன். பாத்திருப்பீங்களே."

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை காலம் கழித்துக் கேட்டேன் அதை!

அந்த மாதம் எங்கள் வீடு வேறு வீடாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா தூங்கிக்கொண்டிருந்தபோது, பழைய தலையணை உறை இரண்டை எடுத்து அக்காவிடம் ஒன்றைக் கொடுத்தேன். யார் அதிகக் கோணலாகத் தைக்கிறோம் என்று போட்டி. முதலில் மாட்டேன் என்றாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் என்னுடையதில் பாம்பு ஊர்ந்ததுபோல ஒரு தையல் போட்டுக் காட்டினேன். சட்டென்று அவளும் குத்தினாள். ஒன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி, ஒன்று மேலே, ஒன்று கீழே. நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தாள். முடித்ததும் அதைத் தூக்கிப் பிடித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா பாத்தா அம்பு பத்தாதுடி" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அக்காவைத் திருப்பி வாங்கிவிட்டதாகவே நினைத்தேன். வேலூருக்கு பஸ் ஏறியபோது வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் நடுவில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் படித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் யாரும் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. குழந்தைகள் அழும், மின்விசிறி கடகடக்கும், அவ்வளவுதான். முதல் வாரமும் அடுத்த வாரமும் அப்படித்தான் போயின. மூன்றாவது வாரம் நான் ஊருக்கு வந்திருந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்.

போதகர் படித்தார். நிறுத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து நின்றாள்.

முக்காட்டைச் சரிசெய்ய எழுந்தாள் என்றுதான் நினைத்தேன். போதகரும் அப்படித்தான் நினைத்திருப்பார். "என்னம்மா?" என்றார் மெதுவாக.

"தடை இருக்குங்கய்யா" என்றாள். "நான் இன்னும் சரியா இல்ல. அப்பால தெரிஞ்சா அவங்களுக்குக் கஷ்டம். முன்னாடியே பாத்துக்கணும்."

சர்ச் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அம்மா நேராகப் பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை. தன் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் தினமும் சொன்ன வார்த்தை பீடத்துக்கு எதிரில் வந்து நின்றதை அவள் கேட்டிருப்பாள். நான் அன்றைக்கு அவளை வெறுத்தேன். அக்காவையும் வெறுத்தேன். இவ்வளவு கவனமாக, இவ்வளவு யோக்கியமாக ஒருத்தி தன் வாழ்க்கையைத் திருப்பி அனுப்புவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தாங்கவில்லை.

ஆராதனை முடிந்த பிறகு மாப்பிள்ளை வாசலில் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றார். என்னைப் பார்த்ததும், "நான் வெயிட் பண்றேன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். தினமும் காலையில் தெருமுனையில் பஸ்ஸைக் கொஞ்சம் அதிகமாக நிறுத்திவைத்தார். அக்கா ஜன்னலண்டை நின்று பார்ப்பாள். சரி என்று சொல்லத்தான் அவளுக்கும் ஆசை. அந்தச் சரி சரியான சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்தார். தலையணை உறையைப் பிறகு ஒரு நாள் அலமாரியில் பார்த்தேன். கோணல் தையலையெல்லாம் பிரித்து, நூலைச் சுருட்டி வைத்து, துணியை ஓரம் சேர்த்து மடித்து வைத்திருந்தாள். பிறகு தைக்கவே இல்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அம்மாவின் சர்க்கரை கண்ணுக்கு வந்தது. வேலூருக்குக் கூட்டிவந்து காட்டினேன். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அதையும் காப்பாற்ற முடியவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அது சுவரில் கோணலாகத் தொங்குகிறது. அம்மாவுக்குத் தெரியாது. அக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை நேராக்குகிறாள், கையை எடுக்கிறாள், மறுபடியும் தொடுகிறாள்.

கண் போன பிறகு அம்மா வேறு மனுஷியாகிவிட்டாள். சோறு குழைந்தால் நன்றாக இருக்கிறது என்பாள். குழம்பு அடிப்பிடித்தால் அதற்குத் தனி ருசி என்பாள். என் மகன் அவளுக்குப் படம் வரைந்து கொடுத்தால், விரலால் தடவிப் பார்த்து, இதைவிட யாரால் வரைய முடியும் என்பாள். எனக்கு ஆத்திரம்தான் வரும். இதில் பத்தில் ஒரு பங்கை அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஆகாதா? வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன். ஒரு தடவை என் முன்னாலேயே அவள் அக்காவிடம் சொன்னாள்.

"உன் பீஸை நான் ரெண்டு தரம் பாத்திருக்கக் கூடாதும்மா."

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"இல்லம்மா. நீ பாத்தது கரெக்டுதான். கோணலாத்தான் இருந்துச்சு."

அக்கா திட்டியிருந்தால்கூட அம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன தடவை நான் போயிருந்தபோது மத்தியானம். கரண்ட் இல்லை. அம்மாவின் ரவிக்கை அக்குளில் பிரிந்திருந்தது. புடவையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, ரவிக்கையை அக்கா இருந்த திசையில் நீட்டினாள். நான் தைக்கிறேன் என்று கை நீட்டினேன். "நீ சும்மா இரு, அவ தைக்கட்டும்" என்றாள் அம்மா. அக்கா வாசலண்டை வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரே தடவையில் நூலைக் கோர்த்தாள். தலையில் நரை ஓடிவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஊசியைத் துணிக்கு மேலே பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். துணியில் நூல் இழுபடும் சத்தம் வரவில்லை.

"தச்சியாம்மா?"

"ஒரு நிமிஷம்மா."

தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் மோதி, சண்டை ஓய்ந்து, லாரி போயும் விட்டது. ஊசி அங்கேயே நின்றது.

"கோணலா தைம்மா" என்றாள் அம்மா. கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. "எப்படி வேணா தை. நீ தச்சதைப் போட்டுக்கணும் எனக்கு, அவ்ளோதான். எனக்குத்தான் கண்ணு தெரியலயே, யாரு பாக்கப் போறாங்க?"

அக்கா ஊசியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியுதேம்மா" என்றாள்.